தோல் கட்டில் பழைய வரலாற்று நூல்கள்: மீள்பதிப்பு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது வீடுகளின் வரவேற்பறையில் ஒரு புத்தக அலுமாரி இருந்தால், அதில் தாயகத்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விருப்பம் பலருக்கும் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன் பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஆகவே இன்று ஒரு பழைய நூலை வாங்குபவர் அழகுப்பொருள் ஒன்றை மட்டும் வாங்கவில்லை. கைவிட்டுப் போனதில் ஒரு பகுதியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

இந்த விருப்பத்தை அறிந்த சந்தையும் உண்டு. இணையக் கடைகளில் றொபேட் நொக்ஸ், பால்டேயஸ், எமர்சன் டெனன்ற் ஆகியோரின் இலங்கை நூல்கள் தோல் கட்டில், பொன் எழுத்தில், மேடு வைத்த முதுகோடு விற்பனைக்கு வருகின்றன. பிறந்தநாளுக்கும் அறுபதாம் கலியாணத்துக்கும் பட்டமளிப்புக்கும் பரிசாகக் கொடுக்க ஏற்றவை போலத் தோன்றும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் தோல் அட்டையைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்க முடியாது. எதைப் பார்த்து, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை ஒழுங்காகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வகை மீள்பதிப்புகள்

மீள்பதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, உருநகல் பதிப்பு. பழைய நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து, அப்படியே அச்சிடுவது. பழைய எழுத்து, பழைய பக்க எண், பழைய அடிக்குறிப்பு எல்லாம் இருக்கும். மேற்கோள் காட்டுவதற்கு இதுவே உகந்தது. ஆனால் மூலப் பிரதியில் இருந்த கறை, கோடு, நூலக முத்திரை ஆகியனவும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, புதிதாக எழுத்துக்கோத்த பதிப்பு. ஒரு பதிப்பாசிரியர் மூலத்தைப் படித்து, பிழை பார்த்து, குறிப்புகள் சேர்த்துப் புதிதாக அச்சிடுவது. பிள்ளைகள் வாசிப்பதற்கு இது நல்லது. பதிப்பாசிரியர் யார் என்பதே இதன் தரத்தைச் சொல்லும்.

மூன்றாவது, கணினியே எழுத்துகளை அடையாளம் கண்டு மாற்றிய பதிப்பு. பழைய நூலின் படத்திலிருந்து கணினி எழுத்தைப் பிரித்தெடுக்க, அதை எவரும் சரிபார்க்காமல் அச்சுக்கு விடுவார்கள். ஆங்கில நூல்களில் நீண்ட எஸ் எழுத்து எப் ஆக மாறியிருக்கும், ஊர்ப்பெயர்கள் உருக்குலைந்திருக்கும், அடிக்குறிப்பு பக்கத்தின் நடுவில் புகுந்திருக்கும். தமிழ் நூலென்றால் நிலைமை இன்னும் மோசம். 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சிட்ட நூல்களில் லை, ணை, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். கணினி அவற்றில் தடுமாறும். இந்த மூன்றாம் வகையை எந்தத் தோலில் கட்டினாலும் வாங்க வேண்டாம்.

விளம்பரத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் சொல்லப்படாது. உள்பக்கம் ஒன்றின் படத்தைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

வரைபடம் இருக்கிறதா?

பழைய வரலாற்று நூல்களில் எமக்கு மிக வேண்டியது பல வேளைகளில் எழுத்தில் அல்ல, மடித்து வைத்த வரைபடத்தில் இருக்கிறது.

நொக்ஸின் நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. 1660 இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறைவாசம் இருந்து, 1679 இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தவர் அவர். அந்த நூலோடு சேர்ந்த வரைபடத்தில் வடக்கே வன்னியரின் நாடு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. எமது மக்கள் அந்த நூலைத் தேடுவதற்கு ஒரு முக்கிய காரணம் அந்த ஒரு தாள். ஆனால் நூலகங்களில் பழைய நூல்களைப் பெருந்தொகையாகப் படமெடுத்தபோது, மடித்த தாள்களை விரிக்காமலே எடுத்த இடங்கள் ஏராளம். அப்படி எடுத்த படத்திலிருந்து அச்சிட்டால், வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் மடிந்த தாளின் முதுகுதான் தெரியும். நொக்ஸின் எழுத்து மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், அதை எடுத்துப் படங்களே இல்லாமல் அச்சிடுபவர்களும் உண்டு.

பால்டேயஸ் பாதிரியார் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658 இலிருந்து அங்கே பணியாற்றியவர். 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த அவரது நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சாவகச்சேரி முதலிய ஊர்களின் கோவில்பற்றுத் தேவாலயங்கள் செதுக்குப்படங்களாக உள்ளன. தன் ஊரின் மிகப் பழைய படத்தைப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அந்தப் படங்கள் மங்கிய கறுப்புத் திட்டாக வந்தால் நூல் இருந்தும் பயனில்லை.

ஆகவே முதல் கேள்வி, எத்தனை படங்கள், எத்தனை வரைபடங்கள், அவை விரித்த நிலையில் அச்சிடப்பட்டுள்ளனவா என்பதே.

அடுத்தது, தொகுதிகள். டெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூல் இரண்டு தொகுதி. 1930 இல் கொழும்பில் வெளிவந்த குவேறோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேயர் கால வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்று தொகுதி. யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த கதையைத் தேடுபவருக்கு மூன்றும் வேண்டும். ஒரு தொகுதியை மட்டும் முழு நூல் போல விளம்பரம் செய்வது இணையக் கடைகளில் வழமை. மொத்தப் பக்க எண்ணிக்கையை ஒரு நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டால் விடயம் வெளிக்கும்.

தோல் என்றால் எந்தத் தோல்?

'தோல் கட்டு' என்று எழுதியிருந்தாலும் முழு நூலும் தோலால் மூடப்பட்டிருக்கும் என்று பொருளல்ல. முதுகும் மட்டைகளும் தோலால் மூடப்பட்டால் அது முழுத் தோல். முதுகும் மூலைகளும் மட்டும் தோலானால் அரைத் தோல். முதுகு மட்டும் தோலானால் கால் தோல். மீதி துணியோ தாளோ. மூன்றுமே முறையான கட்டுகள்தான். ஆனால் விலை ஒன்றாக இருக்கக்கூடாது.

தோலின் தரத்திலும் ஏமாற இடமுண்டு. ஆட்டுத் தோல் உறுதியானது. புத்தகம் கட்டுபவர்கள் காலங்காலமாக விரும்புவது. கன்றுத் தோல் வழவழப்பானது, எளிதில் கீறல் விழும். செம்மறித் தோல் மெலிந்தது, மேற்பரப்பு உரியும். 'பொண்டட் லெதர்' என்பது தோல் துகளை அரைத்துப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது. சில ஆண்டுகளில் கீல் பகுதியில் வெடித்து உரிந்து போகும். 'பியூ லெதர்', 'வீகன் லெதர்' என்பவற்றில் பெரும்பாலானவை துணியின் மேல் பூசிய பிளாஸ்ரிக். தோல் மணம் வருகிறதே என்று நம்ப வேண்டாம், மணத்தையும் சேர்க்கலாம். மட்டையின் உட்பக்கத்தில் தோல் மடித்து ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். உண்மைத் தோலில் நார் தெரியும், ஓரம் சீவப்பட்டு மெலிந்திருக்கும். செயற்கையில் ஒரே தடிப்பான, வெட்டிய பிளாஸ்ரிக் ஓரம் தெரியும்.

எமது வீடுகளுக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. 'ஜெனுவின் லெதர்' என்று மட்டும் போட்டிருந்தால் அது மாட்டுத் தோலாகவும் இருக்கலாம். சைவ வீடுகளில் பலர் அதை விரும்புவதில்லை. சுவாமி அறைக்குள் எந்தத் தோலையும் கொண்டுபோகாதவர்களும் உளர். திருமுறையோ புராணமோ வாங்குவதாயின் துணிக் கட்டே பொருத்தம். பெரியவர்களுக்குப் பரிசு கொடுக்குமுன் இதை யோசிப்பது நல்லது.

தோல் கட்டு என்றால் நீண்டகாலம் நிலைக்கும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய ஏராளமான நூல்களின் தோல் சிவந்த தூளாக உதிரத் தொடங்கியதால், இலண்டன் கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்து 1901 இல் அறிக்கை வெளியிட்டது. தோல் பதனிடும் முறையே காரணம் என்று அக்குழு கண்டது. மலிவான கட்டுகளுக்கு அப்போது பயன்பட்ட இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத் தோலும் செம்மறித் தோலும் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே சிதையத் தொடங்குவதாக அது குறிப்பிட்டது. அந்தத் தோல் பெரும்பாலும் சென்னை மாகாணத்தில் எமக்கு நன்கு தெரிந்த ஆவாரம் பட்டையால் பதனிடப்பட்டது. செருப்புக்கும் பைக்கும் நல்லதாயிருந்த அந்தப் பதம் புத்தகத்துக்கு உதவவில்லை. வளியிலுள்ள கந்தகப் புகையும் அந்தச் சிதைவை விரைவாக்கியது. ஆகவே விற்பனையாளர் தோலின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. எப்படிப் பதனிட்டது என்று சொல்லக்கூடியவரானால் அவர் தொழில் தெரிந்தவர்.

தாளும் தையலும்

ஒரு நூலின் ஆயுளைத் தீர்மானிப்பவை தோலைவிடத் தாளும் தையலும்தான்.

அமிலம் உள்ள தாள் மஞ்சளாகி நொறுங்கும். 'அமிலமற்ற தாள்' என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9706 என்ற தரக்குறியோ, வட்டத்துக்குள் முடிவிலிக் குறியோ உள்பக்கத்தில் இருந்தால் நீடித்த தாள் என்று கொள்ளலாம்.

தையலுக்கு நூலின் தலைப்பகுதியை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூலிழை தெரிந்தால் அது முறையான மடிப்புத் தையல். இப்படிக் கட்டிய நூலைப் பின்னாளில் பிரித்து மீண்டும் கட்டலாம். தாள்களைத் தனித்தனியாக வெட்டி முதுகில் பசை மட்டும் பூசியிருந்தால், சில ஆண்டுகளில் பக்கங்கள் கழன்று விழும். வேறு சிலர் ஓரத்தில் ஊசியேற்றி ஒரே தையலாகத் தைப்பார்கள். அது உறுதியாயிருக்கும்; ஆனால் நூல் முழுதாக விரியாது. பழைய பக்கத்தின் உள்ஓரம் ஏற்கனவே குறுகியதானால் வரிகளின் நுனி தையலுக்குள் மறைந்துவிடும்.

முதுகில் தெரியும் மேடுகள் பழைய காலத்தில் தையல் கயிற்றின் தடங்கள். இப்போது பலர் மட்டைத் துண்டை ஒட்டி அந்த மேட்டை உண்டாக்குகிறார்கள். மேடு இருப்பதால் தையல் இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

எந்த நூலை எந்தப் பதிப்பில்?

தோல் கட்டில் வரும் எல்லாவற்றுக்கும் அதைவிட மலிவான, பல வேளைகளில் அதைவிடத் தரமான துணிக் கட்டுப் பதிப்பு ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டெல்லியிலும் சென்னையிலும் இயங்கிய ஏசியன் எடுகேசனல் சேர்விசஸ் இலங்கை பற்றிய பழைய நூல்கள் பலவற்றைத் துணிக் கட்டில் உருநகலாக வெளியிட்டது. முதலியார் செ. இராசநாயகத்தின் 1926 ஆம் ஆண்டுப் 'பண்டைய யாழ்ப்பாணம்' ஆங்கில நூலும், குவேறோஸின் மூன்று தொகுதிகளும், சைமன் காசிச்செட்டி 1859 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூட்டாக்'கும் அவற்றுள் அடங்கும். தெகிவளையில் இருந்த திசர பிரகாசகயோ நொக்ஸையும் டெனன்றையும் மீண்டும் அச்சிட்டது. இவை பழைய புத்தகக் கடைகளில் இன்னும் அகப்படுகின்றன.

பால்டேயஸை வாங்குபவர் மொழிபெயர்ப்பைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு நேரே ஒல்லாந்த மூலத்திலிருந்து செய்ததல்ல. ஜேர்மன் பதிப்பிலிருந்து செய்தது. தோல் கட்டில் பெரும்பாலும் வருவது இதுவே, ஏனெனில் இதற்குப் பதிப்புரிமை இல்லை. இலங்கைப் பகுதிக்கு பீற்றர் புறோகியர் ஒல்லாந்த மொழியிலிருந்து நேரே செய்த மொழிபெயர்ப்பு உண்டு. படிப்பதற்கு அதைத் தேடுங்கள். படங்களுக்காகப் பழையதை வையுங்கள்.

மாதகல் மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை ஆங்கிலத்தில் வாசிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு 1879 இல் வந்த பிறிற்றோவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழில் குல. சபாநாதன் பதிப்பு குறிப்புகளோடு கூடியது. அதோடு ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 1912 ஆம் ஆண்டு 'யாழ்ப்பாணச் சரித்திர'த்தையும், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் 1928 ஆம் ஆண்டு 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தையும் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று திருத்தும். வன்னிக் குடும்பங்கள் தேட வேண்டியது ஜே.பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூல்.

பழைய நூல் என்பதால் சொன்னதெல்லாம் உண்மை என்றும் ஆகாது. நொக்ஸ் கைதியாயிருந்தவர், பால்டேயஸ் மதம் பரப்ப வந்தவர், டெனன்ற் குடியேற்ற அரசின் செயலாளராயிருந்தவர். பொன் எழுத்துத் தோல் கட்டு அவர்களின் பார்வைக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

விற்பனையாளருக்கு ஒரு சிறு கடிதம் எழுதி, பதிலை வைத்திருங்கள்.

1. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பிலிருந்து இது அச்சிடப்பட்டது?
2. உருநகலா, புதிதாக எழுத்துக்கோத்ததா?
3. எல்லாத் தொகுதிகளும் உண்டா? மொத்தப் பக்கம் எத்தனை?
4. வரைபடங்களும் படங்களும் உண்டா? விரித்த நிலையிலா, மூல அளவிலா?
5. முழுத் தோலா, அரையா, காலா? எந்த விலங்கின் தோல்?
6. மடிப்புத் தையலா, ஓரத் தையலா, பசையா?
7. தாள் அமிலமற்றதா?
8. பக்கம் குறைந்தால் திருப்பி எடுப்பீர்களா?

கேட்டதும் அச்சிட்டுக் கட்டித் தரும் நூல்களைச் சிலர் திருப்பி எடுப்பதில்லை. அதனால் எட்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். விளம்பரத்தில் '1681' என்று பெரிதாகப் போட்டிருப்பது மூல நூலின் ஆண்டே தவிர உங்களுக்கு வரும் பிரதியின் ஆண்டல்ல. நொக்ஸின் முதற்பதிப்பு பெரிய போலியோ அளவிலானது. கையடக்க அளவில் ஒன்றை முதற்பதிப்பு என்று எவரும் விற்க வந்தால் அது பொய்.

வரியையும் கணக்கில் எடுங்கள். பிரித்தானியாவில் அச்சு நூலுக்குப் பெறுமதி சேர் வரி 0 வீதம். கனடாவில் மத்திய அரசின் 5 வீத வரி உண்டு. ஒன்ராறியோவில் மாகாணத்தின் பங்கு நூல்களுக்கு அறவிடப்படுவதில்லை. தோல் கட்டு நூல் பாரமானது. இந்தியாவிலிருந்து வரும் அஞ்சல் செலவு நூலின் விலையைத் தொட்டுவிடக்கூடும்.

வந்ததும் செய்ய வேண்டியது

பொதியைப் பிரித்த அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்ரநெற் ஆர்க்கைவ் தளத்திலோ, 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்திலோ அதே நூலின் மின்பிரதி இருந்தால் அதைத் திறந்து வைத்து, பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிடுங்கள். விடுபட்ட பக்கம், இரண்டு முறை வந்த பக்கம், தலைகீழாகக் கட்டிய பகுதி, படமெடுத்தவரின் விரல் மறைத்த வரி ஆகியவை இப்படித்தான் அகப்படும். பிழை இருந்தால் படம் எடுத்து உடனே அறிவியுங்கள். மாதங்கள் கழித்துச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள்.

நாமே கட்டுவித்தல்

நல்ல தோல் கட்டு வேண்டும், நம்பகமான உள்ளடக்கமும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. மடிப்புத் தையலுள்ள துணிக் கட்டுப் பதிப்பு ஒன்றை வாங்கி, நீங்கள் வாழும் நகரிலுள்ள புத்தகம் கட்டும் கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்துத் தோல் அட்டை போடுவிப்பது. தோலை நீங்களே தெரிவு செய்யலாம். முதுகில் தமிழில் பெயர் பொறிக்கவும் முடியும்; அதற்கு எழுத்து வடிவத்தை நீங்கள் அச்சிட்டுக் கொடுத்து, பொறிக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ் தெரியாத கைவினைஞர் ஒற்றுப் புள்ளியை விட்டுவிட்டால் பின்பு திருத்த முடியாது.

அச்சில் எங்குமே கிடைக்காத நூலானால் மின்பிரதியை அமிலமற்ற தாளில் அச்சிட்டுக் கட்டுவிக்கலாம். பதிப்புரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவிலும் இலங்கையிலும் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், இந்தியாவில் 60. மொழிபெயர்ப்பாளருக்கும் அவ்வாறே தனி உரிமை உண்டு. அண்மைக்கால ஆசிரியரின் நூலானால் அவரிடமோ குடும்பத்தினரிடமோ பதிப்பாளரிடமோ வாங்குவதே முறை.

வைத்திருக்கும் முறை

தோல் நூலை வெயில் படும் யன்னலருகிலும் சூடேற்றிக்கு மேலும் வைக்கக்கூடாது. குளிர்கால வீட்டின் வரண்ட சூட்டில் கீல் வெடிக்கும். நிலக்கீழ் அறையிலும் வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நாம் இருக்க வசதியான அறையே நூலுக்கும் வசதியானது. நூலை நிமிர்த்தி, அதிகம் நெருக்காமல் அடுக்குங்கள். எடுக்கும்போது முதுகின் தலையைப் பிடித்து இழுக்காமல், இரு பக்க நூல்களையும் சற்று உள்ளே தள்ளி நடுவில் பிடித்து எடுங்கள். தோலுக்கு எண்ணெயோ சப்பாத்துப் பொலிசோ பூச வேண்டாம். முன்பு எண்ணெய் பூசிய பெரிய நூலகங்கள் பலவும் இப்போது அதை நிறுத்திவிட்டன. மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும். பழைய தோல் சிவந்த தூளாக உதிர்ந்தால் தாளுறை போட்டு வைத்து, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, நூலின் பின்பக்க வெற்றுத் தாளில் பென்சிலால் நான்கு வரி எழுதி வையுங்கள்: மூலப் பதிப்பின் ஆண்டு, எங்கிருந்து வாங்கியது, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் குறைவு. பேனா வேண்டாம், மை ஊறும். அந்த நூல் நாளை உங்கள் பேரப்பிள்ளையிடம் போகலாம், ஊரிலுள்ள ஒரு வாசிகசாலைக்குப் போகலாம். அப்போது அதைத் திறப்பவருக்குத் தன் கையில் இருப்பது என்ன பிரதி என்பது அந்த நான்கு வரியிலிருந்துதான் தெரியவரும்.